இருக்கும்போதே எழுதிய பட்டியல்

குருமன்காடு,
வவுனியா.
13.02.2025

அன்புள்ள விமலேஸ்வரி அக்காவுக்கு,

இன்று காலை கண் விழித்ததும் முதல் வேலையாகத் தலையணைக்குக் கீழே திறப்பைத் தேடினேன். உங்கள் வீட்டில் வாடகைக்கு இருந்த ஆறு வருடப் பழக்கம். கை வெறுமையாகத் திரும்பி வந்த பிறகுதான், இது என்னுடன் வேலை செய்யும் சிவலட்சுமியின் வீடு என்பது நினைவுக்கு வந்தது. திறப்பு தொலையவில்லை, கைப்பைக்குள் இருக்கிறது. அது திறக்கிற கதவுதான் இல்லை.

உங்களுக்குக் காது கேளாததால் தொலைபேசியில் சொல்ல வழியில்லை. உங்கள் தம்பி யோகலிங்கம் அண்ணைக்கு அன்றே எடுத்துச் சொன்னேன். என்ன நடந்தது என்பதை நானே எழுத வேண்டும் என்று இரண்டு நாளாகத் தாளை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தைப்பூசம் என்பதால் செவ்வாய்க்கிழமை ஆறரைக்கே நானும் மகள் பிரஷாந்தினியும் கோயிலுக்குப் போனோம். அங்கிருந்து அவள் பள்ளிக்கூடம், நான் கந்தோர். பத்து மணிபோலப் பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரி தொலைபேசியில் எடுத்தார். "சுதா, உங்கட குசினியால புகை வருது. ஓடி வாங்கோ" என்றார். ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது குசினிக் கூரை விழுந்திருந்தது. நடு அறை எரிந்துகொண்டிருந்தது. ஒழுங்கைச் சனமெல்லாம் வாளியோடு நின்றார்கள். முன் கதவை உடைத்துத்தான் உள்ளே போயிருக்கிறார்கள். தீயணைப்பு வண்டி வந்து அணைத்த பிறகு முன் அறை மட்டும் கரி பிடித்தபடி மிஞ்சியது.

முன் கதவின் பின்னால் தொங்கிய பையை ஜெகதீஸ்வரி எடுத்துவிட்டார். பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதி, என் பட்டச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் அதற்குள் இருந்தன. "பை இருக்கு, பை இருக்கு" என்று ஒழுங்கை முழுக்கச் சொன்னார்கள், ஏதோ முழு வீடும் தப்பியதுபோல. நானும் அப்படித்தான் அந்த நேரம் நினைத்தேன். பிறகு பிரஷாந்தினி பள்ளிக்கூடச் சீருடையோடு வந்து, "அம்மா, நான் நாளைக்கு எதைப் போட்டுக்கொண்டு போறது?" என்று கேட்டாள். அப்போதுதான் பைக்குள் இல்லாதவை எல்லாம் நினைவுக்கு வரத் தொடங்கின. அவள் இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறவள். இரண்டு வருடக் குறிப்புகளும் மடிகணினியும் போய்விட்டன.

வீட்டுக்கு வந்த முதல் நாள் நீங்கள் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். "வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கு, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றீர்கள். எங்கள் சாமான்களுக்கு நான் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள்.

உங்கள் வீட்டைக் காக்க முடியாமல் போனதற்கு மனம் வருந்துகிறது.

இப்படிக்கு,
சுதாஜினி

*

உடையார்கட்டு
18.02.2025

அன்புத் தங்கச்சி சுதாஜினிக்கு,

உங்கட கடிதம் வர முன்னமே யோகலிங்கம் தாளில எழுதிக் காட்டினவன். "உங்கட வீடு எரிஞ்சு போச்சு. ஆள் சேதமில்லை." முதல் நாலு சொல்லை வாசிச்ச உடன நான் விழுந்திட்டன். மிச்சத்தைத் தண்ணி தெளிச்சுத்தான் வாசிக்க வைச்சவன். ஆள் சேதமில்லை எண்டதையெல்லோ முதல் எழுதவேணும். அவனுக்கு அறுபது வயசாகியும் ஒரு கடிதம் எழுதத் தெரியாது.

நீங்களும் பிள்ளையும் வெளியில நிண்டது கடவுள் செயல். சாமான் போனா வாங்கலாம். நாங்கள் வாங்காததா, விடாததா.

உங்கட சாமானுக்கும் அவங்கள் தருவாங்கள் எண்டுதான் நினைக்கிறன். பாங்கில கடன் எடுக்கேக்க கட்டாயம் போடவேணும் எண்டு சொல்லிப் போடுவிச்சவை. வீட்டுக்குப் போட்டா உள்ளுக்க இருக்கிறதுக்கும் சேர்த்துத்தானே போட்டிருப்பினம். நான் அந்தத் தாளை வாசிக்கேல்லை. சின்ன எழுத்து. கையெழுத்து வைக்கிற இடத்தை மட்டும் பென்சிலால வளைச்சுக் காட்டினவை.

இந்தக் கிழமை நெல்லு வெட்டு முடியுது. மெசின்காரன் எங்கட வயலுக்கு வர நாளைக்கோ நாளையிண்டைக்கோ ஆகும். அது முடிய வவுனியாவுக்கு வாறன்.

ஒண்டு கேக்கிறன், கோவியாதேங்கோ. தைப்பூசத்துக்கு விளக்குக் கொளுத்திப்போட்டுத்தானே கோயிலுக்குப் போயிருப்பியள்? நூத்துப்போட்டுப் போனீங்களோ?

அன்புடன்,
விமலேஸ்வரி

*

குருமன்காடு
24.02.2025

விமலேஸ்வரி அக்காவுக்கு,

நீங்கள் வெள்ளிக்கிழமை வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனீர்கள் என்று ஜெகதீஸ்வரி சொன்னார். என் கந்தோர் அங்கிருந்து ஓட்டோவில் ஐந்து நிமிடம். என்னைப் பாராமல் போனீர்கள். வேலை இருந்திருக்கும் என்று அடுத்த நாள் வரை நினைத்தேன்.

சனிக்கிழமை காப்புறுதிக் கொம்பனியின் பரிசோதகர் என்னைத் தேடி வந்தார். குகதாசன் என்று பெயர், முப்பது வயது இருக்கும், மரியாதையான பிள்ளை. நான் எங்கள் சாமான்களைப் பற்றிக் கேட்டேன்.

"அக்கா, இது கட்டடத்துக்குப் போட்ட காப்புறுதி. சுவர், கூரை, கதவு, யன்னல். உங்கட சாமான் ஒண்டும் இதுக்குள்ள வராது."

"அப்ப எங்கட சாமானுக்கு ஆர் பொறுப்பு?"

"வாடகைக்கு இருக்கிறவை தங்கட சாமானுக்குத் தாங்களே போடவேணும். வீட்டுக்காரர் அதைப் போடவும் ஏலாது அக்கா, அது அவையின்ர சாமான் இல்லையே."

இவ்வளவு சின்ன விஷயம். ஆறு வருடத்தில் எனக்கு அது தெரியாது. பட்டதாரி, அபிவிருத்தி உத்தியோகத்தர், நாலு பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவள்.

அது கூடப் பரவாயில்லை. அடுத்து அவர் கேட்டதுதான் என்னால் விழுங்க முடியாமல் இருக்கிறது. "விளக்கை எரியவிட்டிட்டுப் போனீங்களோ அக்கா? வீட்டுக்கார அம்மா அப்பிடித்தான் எழுதித் தந்திருக்கிறா." அவர் உங்களுக்குக் கேள்விகளைத் தாளில் எழுதிக் காட்டியதையும், நீங்கள் அதற்குக் கீழே உங்கள் கையால் பதில் எழுதியதையும் காட்டினார். "வாடகைக்கு இருந்த பிள்ளை விளக்குக் கொளுத்திப்போட்டுப் போனவா." உங்கள் கையெழுத்தை எனக்குத் தெரியாதா அக்கா?

விளக்கு முன் அறையில் இருந்தது. நான் நூர்த்துவிட்டுத்தான் போனேன். எரியாமல் மிஞ்சிய அறையும் அதுதான். தீ குசினியில் பிரிட்ஜின் பின்னாலிருந்து தொடங்கியிருக்கிறது. அந்தச் சுவரில் இருக்கிற பிளக் பொறி தட்டுகிறது, வயரிங்காரரைக் கூட்டி வாருங்கள் என்று தைப்பொங்கலுக்கு முன்னம் உங்களுக்கு எழுதினேன். "வெட்டு முடியட்டும், வாறன்" என்று பதில் போட்டீர்கள். உங்கள் பதில் எரிந்துவிட்டது. நான் எழுதிய கடிதம் உங்களிடம்தான் இருக்கிறது.

வாடகைக்காரரின் கவனக்குறைவு என்று முடிவானால், கொம்பனி உங்களுக்குக் கொடுத்துவிட்டு அதை என்னிடம் கேட்கவும் கூடும் என்று குகதாசன் சொன்னார். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னார். ஒரு கரண்டி கூட இல்லாமல் நிற்கிறவளிடம் ஒரு வீட்டின் கணக்கைக் கேட்பார்கள்.

அந்தக் கடிதத்தை எடுத்து அவரிடம் கொடுங்கள். நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

சுதாஜினி

*

உடையார்கட்டு
03.03.2025

தங்கச்சி,

உங்கட கடிதத்தை நாலு தரம் வாசிச்சன். நீங்கள் "அன்புள்ள" எண்டு போடேல்லை. போடவேண்டாம், நான் அதுக்குத் தகுதியில்லை.

உங்களை ஏன் பாக்காமல் போனன் எண்டு கேட்டனீங்கள். வந்தனான். கந்தோர் வாசல் மட்டும் வந்தனான். உள்ளுக்க வந்து உங்கட முகத்தைப் பாத்தா நான் எழுதிக் குடுத்ததைச் சொல்லவேண்டி வரும் எண்டு திரும்பிட்டன்.

அந்தப் பொடியன் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிக்க எனக்குப் பழசெல்லாம் வந்திட்டுது. ரெண்டாயிரத்து ஒன்பதில நாங்கள் இங்கயிருந்து வெளிக்கிடேக்க தையல் மெசினையும், அம்மா தந்த வெண்கலப் பானை ரெண்டையும், மகன் கிருசாந்தன்ர சைக்கிளையும் தரப்பாளில சுத்தி மாமரத்துக்குக் கீழ தாட்டுப்போட்டுத்தான் போனனாங்கள். எல்லாரும் தாட்டவை. திரும்பி வந்து பாக்கக் குழி இருந்தது, சாமான் இல்லை. குழியை அழகா வெட்டித்தான் எடுத்திருந்தாங்கள். பிறகு விதானையார் படிவம் தந்தார். எழுதிக் குடுத்தன். இன்னொரு நிறுவனம் தந்தது, அதுக்கும் எழுதிக் குடுத்தன். மூண்டாவதா ஒண்டுக்கும் குடுத்தன். பதினைஞ்சு வருசத்துக்கு மேல. ஒருத்தரும் "கிடைச்சுது" எண்டு கூடச் சொல்லேல்லை. சைக்கிளின்ர நிறம் என்னெண்டு கேட்டவங்கள், அதையும் எழுதினனான். பச்சை.

அதால படிவம் எண்டா எனக்கு, என்னத்தையோ சொல்லித் தராமல் விடப்போறாங்கள் எண்டுதான். பிளக் பழுது, வீட்டுக்காரிக்குத் தெரியும், அவா திருத்தேல்லை எண்டு எழுதினா ஒரு சதம் வராது எண்டு நினைச்சன். அந்த வீடு கிருசாந்தன் வவுனியாவில நிண்டு படிக்கக் கட்டினது. அவன் பிரான்சுக்குப் போயிட்டான். இப்ப உங்கட வாடகைதான் கடனைக் கட்டுது. சுவர் போனா கடன் மட்டும் மிஞ்சும். விளக்கு எண்டா ஒருத்தரிலயும் பிழையில்லை, சாமிக்குக் கொளுத்தினது எண்டு நினைச்சு எழுதிப்போட்டன். உங்களிட்டக் கேப்பாங்கள் எண்டு சத்தியமா எனக்குத் தெரியாது.

நீங்கள் கேட்ட கடிதத்தைத் தேடினன். எங்க வைச்சனோ தெரியேல்லை.

பஸ்ஸில யோகலிங்கம் ஒரு உரப்பை அனுப்புறான். புது அரிசி. அதுக்குள்ள ரெண்டு பானையும் ஒரு அகப்பையும் இருக்கு. கண்டக்டர் எங்கட ஊர்ப் பொடியன்தான், புது பஸ் நிலையத்தில இறக்குவான்.

விமலேஸ்வரி

*

குருமன்காடு
10.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மூட்டை வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். பஸ் நிலையத்தில் அதன்மேல் கை வைத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் நின்றேன். கண்டக்டர், "என்ன அக்கா, தூக்க ஏலாதோ? ஓட்டோவில ஏத்தி விடட்டோ?" என்று கேட்டார். அவருக்கு முன்னால் சண்டை பிடிக்க முடியாமல் ஏற்றிவிட்டேன். அன்றிரவு உங்கள் பானையில் உங்கள் அரிசியைப் போட்டுத்தான் சமைத்தோம். பிரஷாந்தினி இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள். தீக்குப் பிறகு அவள் அப்படிச் சாப்பிட்டது அன்றுதான்.

உங்கள் படிவக் கதையை வாசித்துவிட்டு அடுத்த நாள் நான் கந்தோருக்குப் போகவில்லை. உங்களுக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது.

இரண்டாயிரத்துப் பத்தில், சனம் முகாமிலிருந்து திரும்பி வந்த காலத்தில், அப்படியான படிவங்களை எழுதிய ஆட்களில் நானும் ஒருத்தி. உருத்திரபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் மேசை போட்டு இருத்தினார்கள். பட்டம் முடித்து வேலையில்லாமல் இருந்தவள், கையெழுத்து அழகு என்று எடுத்தார்கள். நாற்பது நாள் இருந்து எழுதினேன். ஆடு நான்கு. இறைக்கும் மெசின் ஒன்று. கதிரை ஆறு. ஒரு அம்மா தன் அம்மியை எழுதச் சொன்னார். "அம்மிக்கு நிரல் இல்லை அம்மா" என்றேன். "நிரல் இல்லாட்டி ஓரத்தில எழுதுங்கோ பிள்ளை" என்றார். எழுதினேன். என் வீடும் போனதுதான். என் படிவத்தை மட்டும் நான் எழுதவே இல்லை. கடைசி நாளில் பேனையை மூடும்போது, இனி வாழ்க்கையில் ஒரு சாமானின் பெயரையும் தாளில் எழுதுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பொருள் தாளில் ஏறினால் அது இல்லாமல் போய்விட்டது என்றுதான் அர்த்தம் என எனக்குள் படிந்துவிட்டது.

போன வருடம் ஆனி மாதம் நிரோஜா என்று ஒரு பிள்ளை கந்தோருக்கு வந்தாள். காப்புறுதி முகவர். எங்களோடு வேலை செய்கிற பலருக்கு மோட்டார் சைக்கிளுக்குப் போட்டுக் கொடுத்தவள். "அக்கா, வீடு வாடகை எண்டாலும் சாமான் உங்கடதானே. அதுக்கு ஒண்டு போடுங்கோவன்" என்றாள்.

"வீட்டுக்காரி போட்டிருக்கிறா" என்றேன்.

"அவா தன்ர சுவருக்குப் போட்டிருப்பா. நெருப்பு உங்கட அலுமாரியைக் கேட்டுக் கேட்டே எரிக்கப்போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சொன்னதைக் கேட்டிருப்பேன் அக்கா. உங்கள் வார்த்தை மட்டும் என்றால் கூட இன்னொரு தரம் விசாரித்திருப்பேன். ஆனால் அவள் அடுத்ததாக ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். "வீட்டில இருக்கிற சாமானையெல்லாம் ஒரு பட்டியலா எழுதித் தாங்கோ, விலையையும் உத்தேசமாப் போடுங்கோ." அந்தத் தாளில் நிரல்கள் இருந்தன. பொருள், எண்ணிக்கை, பெறுமதி. அதே நிரல்கள். "இருக்கிற சாமானை ஏன் எழுதவேணும், அவலச் சொல்லு" என்று சத்தம் போட்டு அந்தப் பிள்ளையை அனுப்பினேன். அவளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. முல்லைத்தீவுக்காரிதான், ஆனால் இரண்டாயிரத்து ஒன்பதில் அவளுக்கு எட்டு வயதுதான் இருந்திருக்கும்.

நாங்கள் பையைத் தூக்கப் பழகியவர்கள் அக்கா. தாள்களைக் காப்பாற்றத் தெரியும். சாமான்களை, போகப்போகிறவை என்று முன்னமே கைகழுவிவிட்டுத்தான் வாங்குகிறோம். ஆனால் பிரிட்ஜை நான் பதினெட்டு மாதம் சீட்டுக் கட்டி வாங்கினேன். தையல் மெசின் என் முதல் சம்பளத்தில். பிரஷாந்தினியின் மேசையை ஓட்டோவில் ஏற்றும்போது ஒரு கால் உடைந்து, திருப்பி ஒட்டினோம். இவற்றைப் போனால் போகட்டும் என்று சொல்ல வாய் வருகிறது, மனம் வரவில்லை.

இன்னும் ஒன்று. இதை எழுதாவிட்டால் நான் உங்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பிளக் பழுது என்று உங்களுக்கு எழுதியவள், பிரிட்ஜைக் கழற்றி வைக்கவில்லை. பிளக் ஆடாமல் நிற்பதற்குத் தீப்பெட்டி மட்டையை மடித்து இடையில் செருகினேன். ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெட்டு முடிய நீங்கள் வருவீர்கள்தானே என்று விட்டுவிட்டேன்.

கடிதம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. உங்களுக்கும் அந்த வீடு ஒன்றுதான் இருக்கிறது. இனி அதைக் கேட்கமாட்டேன்.

சுதாஜினி

*

உடையார்கட்டு
22.03.2025

அன்புத் தங்கச்சி,

கடிதம் துலையேல்லை. பொய் சொன்னனான். நீங்கள் ஆறு வருசமா எழுதின கடிதம் எல்லாம் என்ர பிஸ்கற் தகரத்துக்குள்ள அடுக்கி இருக்கு. காது போன பிறகு எனக்குக் கதை எண்டா உங்கட கடிதம்தான். மற்றவை வாயை அசைப்பினம், நான் தலையை ஆட்டுவன். நீங்கள்தான் குந்தியிருந்து எனக்கு எழுதுறனீங்கள். மழை எப்பிடி, தண்ணித் தாங்கி ஒழுகுது, பிள்ளை சோதினையில என்ன எடுத்தவள் எண்டு. அதில ஒண்டை எடுத்து ஒளிச்சு வைச்சிட்டு உங்களுக்குப் பொய் எழுதினன்.

நீங்கள் மட்டை செருகினதை வாசிக்கேக்க நான் என்ன செய்தன் தெரியுமோ. முதல் சந்தோசப்பட்டன். இதை அந்தப் பொடியனுக்குக் காட்டினா பிழை முழுக்க உங்களில போயிடும் எண்டு ஒரு நினைப்பு வந்தது. உடன எனக்கே என்னைப் பிடிக்காமல் போச்சுது. என்ர கையில கத்தியைத் தந்திட்டு முன்னால நிக்கிற மனிசியை நான் என்ன செய்யிறது.

வியாழக்கிழமை யோகலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு பரந்தனில பஸ் மாறிக் கொம்பனிக் கந்தோருக்கே போனன். பிளக்கைப் பற்றி நீங்கள் எழுதின கடிதத்தைக் குடுத்தன். மற்றக் கடிதத்தைக் கொண்டுபோகேல்லை. அது எனக்கு எழுதினது. தாளில எழுதினன்: "நான் விளக்கு எண்டு எழுதினது பொய். பிளக் பழுது எண்டு எனக்குத் தெரியும். நான்தான் திருத்தேல்லை."

குகதாசன் வாசிச்சுப்போட்டு எழுதிக் காட்டினான்: "அம்மா, இதை ஏன் முதலே தரேல்லை?"

"தந்தா காசு தரமாட்டியள் எண்டு."

அவன் கனநேரம் எழுதினான். மின்சாரக் கோளாறால வாற நெருப்பும் என்ர காப்புறுதிக்குள்ள அடக்கமாம். திருத்தச் சுணங்கினது பிழைதானாம், அதை மேலிடத்துக்கு எழுதிக் கேக்கவேணுமாம், ஆனா அதுக்காக இல்லையெண்டு சொல்ல மாட்டினமாம். அந்தச் சின்ன எழுத்தில அதுவும் இருந்திருக்கு. நான் பென்சில் வளையத்தை மட்டும் பாத்தனான்.

பஸ்ஸில வரேக்கச் சிரிச்சன். யோகலிங்கம் "என்ன, பேய் பிடிச்சிட்டுதோ" எண்ட மாதிரிப் பாத்தான். பொய் தேவையில்லாத இடத்தில பொய் சொல்லி, ஒரு பிள்ளையின்ர மனத்தைக் கெடுத்து, பஸ் காசும் குடுத்தவள் இந்த வன்னியில நான் ஒருத்தியாத்தான் இருப்பன்.

சித்திரையில வேலை தொடங்கலாம். முதல் வேலை வயரிங், அதுக்குப் பிறகுதான் கூரை. உங்களுக்கு விருப்பமெண்டா திரும்பி வாங்கோ. விருப்பமில்லாட்டி நான் விளங்கிக்கொள்ளுவன்.

பானை ரெண்டையும் பற்றி ஒண்டும் யோசியாதேங்கோ.

அன்புடன்,
விமலேஸ்வரி

*

குருமன்காடு
02.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சிவலட்சுமிக்கு வாசித்துக் காட்டினேன். பஸ் காசு என்ற இடத்தில் அவள் சிரித்து, பிறகு கண்ணைத் துடைத்தாள். நான் அதற்கு முன்னமே துடைத்துவிட்டேன்.

மட்டைக் கதையை நீங்கள் மறைத்தீர்கள். நான் மறைக்கவில்லை. நீங்கள் வந்துபோன அடுத்த நாள், அது எனக்குத் தெரியாமலே, நானும் குகதாசனிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, இந்த வவுனியாவில மட்டை வைக்காத பிளக் எது? என்ர வீட்டிலயும் ஒண்டு இருக்கு." பிறகு அதையும் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை அழைத்துச் சொன்னார். தற்செயலான மின்சாரத் தீ என்று முடித்திருக்கிறார்களாம். உங்கள் வீட்டுக்குக் கொடுப்பார்கள். என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

எங்கள் சாமானுக்கு ஒன்றும் இல்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன், நீங்கள் கேட்க நினைத்துக் கேட்காமல் இருப்பீர்கள். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. கேட்பதற்கு எங்கள் பெயரில் ஒரு தாள் இல்லை. அவ்வளவுதான். கந்தோரில் சேர்த்துக் கொடுத்ததில் பிரஷாந்தினிக்குப் பாவித்த மடிகணினி ஒன்று வாங்கினோம். அவளுடைய சிநேகிதிகள் நால்வர் ஆளுக்கொரு பாடமாகத் தங்கள் குறிப்புகளைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். அவள் அதைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப எழுதுகிறாள். எழுதுவதால் மனத்தில் நிற்கிறது என்கிறாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாளோ என்னவோ.

நேற்று நிரோஜாவை நானே அழைத்தேன். வருவாளா என்று சந்தேகமாக இருந்தது. வந்தாள். போன வருடம் சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அதை விடுங்கோ அக்கா. என்ர அம்மாவும் அப்பிடித்தான். வீட்டில இருக்கிற ஆட்டைக் கூட எண்ண விடமாட்டா."

"அப்ப அம்மாவுக்கு நீங்கள் போட்டுக் குடுக்கேல்லையோ?"

"போட்டனான். அவா கோயிலுக்குப் போன நேரம் நான்தான் எண்ணி எழுதினன்."

அதே தாளை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். இரவு முழுக்க அது மேசையில் கிடந்தது. இன்று விடிய எழுந்து, தேநீர் கூடப் போடாமல், பேனையை எடுத்தேன். மடிகணினி ஒன்று. பாய் இரண்டு. இரும்புப் பெட்டி ஒன்று. மின்விசிறி ஒன்று. பானைக்கு வந்தபோது நின்றுவிட்டேன். அவை உங்களுடையவையா, என்னுடையவையா? இரவல் சாமானை என் பெயரில் எழுத முடியாது. யோசியாதேங்கோ என்று நீங்கள் எழுதியதை அந்த இடத்தில் எடுத்து இன்னொரு தரம் வாசித்தேன். அலுமினியப் பானை இரண்டு என்று எழுதினேன். அகப்பைக்கு நிரலில் இடம் போதவில்லை. ஓரத்தில் எழுதினேன்.

பதினொரு வரிதான் வந்தது. எழுதி முடித்துத் திரும்பிப் பார்த்தேன். பானை அடுப்பங்கரையில் அப்படியே இருந்தது. பாய் சுருட்டினபடி இருந்தது. எதுவும் எங்கும் போய்விடவில்லை. பிரஷாந்தினி நித்திரையாக இருந்தாள், பக்கத்தில் அந்த மடிகணினியின் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. எழுந்து போய் அதன் பிளக்கைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆடவில்லை.

வீட்டு விஷயத்துக்கு நீங்கள் பதில் எதிர்பார்ப்பீர்கள். பிரஷாந்தினி அந்தப் பக்கமே வரமாட்டேன் என்கிறாள். "அம்மா, எரிஞ்ச வீட்டில எனக்குப் படிப்பு ஏறாது" என்றாள். சிவலட்சுமி பஸ் நிலையத்துக்குக் கிட்ட மேல்மாடியில் இரண்டு அறை பார்த்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நானும் ஒரு கிழமையாக ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் பட்டியலின் மேலே ஒரு இடம் இருக்கிறது அக்கா. இந்தச் சாமான்கள் எந்த விலாசத்தில் இருக்கும் என்று அதில் எழுத வேண்டும். "சித்திரை முடிய எங்க இருப்பீங்களோ அந்த விலாசத்தைப் போடுங்கோ, இடம் மாறினா எனக்குச் சொல்லவேணும்" என்று நிரோஜா சொல்லியிருந்தாள். எல்லாம் எழுதிய பிறகும் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். வெளியில் பால்காரரின் மணி கேட்டது. கைப்பையைத் திறந்து அந்தப் பழைய திறப்பை எடுத்து, தாள் காற்றில் பறக்காமல் அதன்மேல் வைத்தேன். பிறகு உங்கள் வீட்டு இலக்கத்தை எழுதினேன்.

பிரஷாந்தினி இன்னும் எழும்பவில்லை. சிவலட்சுமிக்கும் தெரியாது. இந்தக் கடிதம் உங்களிடம் வந்துசேர மூன்று நாள் எடுக்கும். அதுவரை அது எனக்கும் அந்தத் தாளுக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

அன்புடன்,
சுதாஜினி